நாலு பக்கமும் கண்ணாடி எதற்கு?

கேள்வி: 1,500 பேர் வேலை செய்யத் தடுப்புச் சுவர் இல்லாத திறந்த தளங்களாகப் புது அலுவலகம் கட்டுகிறோம். ஒவ்வொரு தளமும் 40 மீட்டர் அகலம். நாலு பக்கமும் கண்ணாடி வைத்தால் பகலில் விளக்கே வேண்டாம், பசுமைச் சான்றிதழும் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார் ஆலோசகர். சூடும் சத்தமும் தொல்லை தருமோ என்று பயமாக இருக்கிறது. அவரை நம்பலாமா?

பதில்: வேண்டாம். வரைபடத்தில் இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் நல்ல வெளிச்சம் உள்ளே வரும். 3 மீட்டர் உயரம் என்றால் 6, 7 மீட்டர். 40 மீட்டர் தளத்தின் நடுவில் உட்காருபவருக்கு, சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருந்தாலும், நாள் பூராவும் மின்விளக்குதான். தளத்தின் அகலத்தை 15 மீட்டர் அளவுக்குக் குறையுங்கள், அல்லது நடுவில் வானம் தெரிய முற்றம் விடுங்கள். மேஜை மட்டத்துக்குக் கீழே உள்ள கண்ணாடி வேலைக்கு வெளிச்சம் தராது, சூட்டைத்தான் கொண்டுவரும்.

உட்கார்ந்து வேலை செய்பவரின் உடல் சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. வெயில் நேராக அடிக்கும் ஒரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு சூட்டை உள்ளே விடும். கண் கூசுகிறது என்று திரையை இழுப்பார்கள், அப்புறம் இருட்டாக இருக்கிறது என்று விளக்கைப் போடுவார்கள். உள்பக்கத் திரைக்கு வருவதற்குள் சூடு கண்ணாடியைத் தாண்டிவிடும். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்த வெயில் வருவதால் அங்கே கண்ணாடியைக் குறைப்பதே வழி.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெயில் அதிகம் படாத திசை: பூமியின் வடபாதியில் வடக்கு, தென்பாதியில் தெற்கு. அங்கே பெரிய கண்ணாடி வைக்கலாம். அதிலும் கவனம் தேவை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டில் சில மாதங்கள் அந்தப் பக்கமும் வெயில் வரும். மற்ற இடங்களிலும் கோடையில் காலையும் மாலையும் சாய்வாக எட்டிப் பார்க்கும், அதற்குப் பக்கவாட்டுத் தடுப்பு போதும். எதிரே கண்ணாடிக் கட்டடம் இருந்தால் அதன் எதிரொளி வந்து விழும். குளிர் மிகுந்த ஊரில் அதே கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறும். மனை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லாமல் 'நாலு பக்கமும்' என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம்.

சத்தத்தில் முக்கியத் தொல்லை, பக்கத்தில் பேசுவது புரியும்படி காதில் விழுவது. கண்ணாடியும் வெறும் கான்கிரீட்டும் பேச்சைத் திருப்பி அனுப்பும். கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை, பேசுவதற்குத் தனி அறைகள், சிறு குழுக்களாக இருக்கை, இந்த மூன்றும் கட்டாயம். நெதர்லாந்தின் ஆபல்டோர்ன் நகரில் 1972-இல் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் கட்டிய அலுவலகம், பெரிய கூட்டத்தை 9 மீட்டருக்கு 9 மீட்டர் சதுரத் திட்டுகளாகப் பிரித்தது. 'திறந்த தளம் என்றால் எல்லோரும் கலந்து பேசுவார்கள்' என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். ஹார்வர்டின் பெர்ன்ஸ்டைனும் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த தளத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது.

இனி சான்றிதழ். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல சான்றிதழ்கள் வரைபடத்தையும் கணினிக் கணக்கையும் பார்த்துத் தரப்படுபவை. சைக்கிள் நிறுத்தத்துக்கும் பெயின்ட்டுக்கும் புள்ளி சேர்த்து, மின்சாரத்தைக் கொட்டும் கட்டடத்துக்கும் பட்டயம் வாங்கிவிடலாம். அதற்கென்றே தரகர்கள் இருக்கிறார்கள். 'முகப்பு வடிவமைப்பு இலவசம்' என்று வரும் கண்ணாடி விற்பனையாளரிடமும் எச்சரிக்கை. அந்த வரைபடம் அவருடைய சரக்குக்கு மட்டுமே பொருந்தும். ஏசி ஆலோசகருக்குச் செலவில் சதவீதமாகக் கூலி பேசாதீர்கள், பெரிய இயந்திரம் வாங்கினால் அவருக்குத்தான் லாபம். ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் என்னும் கட்டட மதிப்பீட்டு முறை 12 மாத உண்மையான மின்பயன்பாட்டைப் பார்த்து நட்சத்திரம் தருகிறது. இவ்வளவு எளிய விஷயத்தை எல்லா இடத்திலும் கட்டாயமாக்க என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆலோசகரிடம் இரண்டு கேளுங்கள்: அவர் முன்பு செய்த கட்டடம் ஒன்றின் ஓராண்டு மின்கட்டண ரசீதுகள், ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக வெப்பக் கணக்கு. கட்டணத்தின் கடைசித் தவணையைக் கட்டடம் ஓராண்டு இயங்கிய பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.