பழைய கார்டு எந்த அவசரத்துக்கு?

கேள்வி: திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் வேலைக்குப் போகிறோம். என் கணவரின் கிரெடிட் கார்டில் கடன் சேர்ந்துவிட்டது. என்னுடைய மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு இருக்கும். மாதாமாதம் பில்லில் கேட்கிற குறைந்தபட்சத் தொகையை, அதாவது மினிமம் டியூவை, தவறாமல் கட்டுகிறார், ஆனாலும் கடன் குறையவே இல்லை. என் கார்டுக்கு பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் செய்தால் 12 மாதத்துக்கு வட்டி கிடையாதாம். அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அவருக்கும் சம்மதம். பழைய கார்டை மட்டும் குளோஸ் பண்ண வேண்டாம், அவசரத்துக்கு இருக்கட்டும் என்கிறார். இதற்குக் கட்டணம் எவ்வளவு வரும்? என் கிரெடிட் ஸ்கோர் பாதிக்குமா? கணவருக்குச் செய்ய இவ்வளவு யோசிப்பது சுயநலமோ என்றும் தோன்றுகிறது.

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றும் தொகையில் பொதுவாகச் சில சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். ஸ்கோர் கண்டிப்பாக அடிவாங்கும். உங்கள் லிமிட்டில் பெரும்பகுதி ஒரே நாளில் நிரம்பிவிடுகிறதே! கடன் குறையக் குறையத்தான் ஸ்கோர் பழைய நிலைக்கு வரும். நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. வேறொருவர் பெயரில் உள்ள கடனை, அது கணவருடையதாகவே இருந்தாலும், எல்லா வங்கியும் ஏற்பதில்லை. விசாரித்துக்கொள்ளுங்கள். மறுத்துவிட்டால், உங்கள் கார்டிலிருந்து பணமாக எடுத்து அவர் கடனை அடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். கார்டில் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

அப்புறம், சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கே பேச வேண்டியதே இல்லை. பேச வேண்டியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை. பழைய கார்டு அவசரத்துக்கு இருக்கட்டும் என்கிறார்.

எந்த அவசரத்துக்கு? கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள். கட்டணத்தையும் ஸ்கோரையும் யோசித்த நீங்கள் இந்த வரியைத் தாண்டிப் போனது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. இதே வரி வேறு வேறு கையெழுத்தில் எனக்கு நிறைய வந்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னொரு கடிதமும் வரும். அதில் இரண்டு கார்டிலும் கடன் இருக்கும்.

நீங்களே எழுதியதை வைத்துக் கணக்குப் போடுங்கள். மாத வட்டி 3 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டுகிற 5 பங்கில் 3 பங்கு வட்டிக்கே போய்விடும், 2 பங்குதான் அசலில் கழியும். மிக மெதுவாகத்தான், ஆனாலும் கடன் குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லை என்கிறீர்களே! அப்படியானால் வட்டி மட்டும் காரணமாக இருக்க முடியாது. கார்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை அவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். எந்தத் தேதியில், எந்தக் கடையில், எவ்வளவு. மாதாமாதம் தானாகப் பிடிக்கிற சந்தா என்னென்ன. இதுவரை பார்த்ததில்லை என்றால், பார்க்காத கடனுக்கு உங்கள் பெயரைக் கொடுக்கப் போகிறீர்கள்.

நீங்கள் மாற்றிய மறுநாள் அவர் போனில் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நிலுவை பூஜ்யம். செலவழிக்கக்கூடிய லிமிட் முழுசாகப் பச்சையில் மின்னும். வாங்கிப் பழகிய ஆப்களில் அந்தக் கார்டு எண் ஏற்கெனவே பதிந்து கிடக்கும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அலுத்துப்போய் வீடு திரும்பும் ஒரு சாயங்காலம் போதும். உங்கள் பக்கம் மூன்று மாதச் சம்பளத்தை 12 ஆகப் பிரித்தால், மாதாமாதம் கால் பங்குச் சம்பளம் போகும், கட்டணம் தனி. அந்த வருடம் முழுக்க நீங்கள் இழுத்துப் பிடித்துச் செலவு செய்வீர்கள், அவருக்கு ஒரு பாரமும் தெரியாது. ஒரு தவணை தவறினாலே வட்டியில்லாச் சலுகையை ரத்து செய்கிற வங்கிகள் உண்டு. 12 மாதம் முடிந்து மிச்சம் இருந்தால் அதற்கு வழக்கமான வட்டி. மாற்றிய கடன் தீரும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். பல கார்டுகளில் புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

நாளைக்கு நீங்கள் இருவரும் பிரிய நேர்ந்தாலும், வேலை போனாலும், வங்கி உங்களைத்தான் கேட்கும். அவர் செலவு என்று நீங்கள் சொல்வது அங்கே எடுபடாது.

நான் கணவன் மனைவி கணக்கைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குக் கடன் என்றால் அது இருவருக்கும்தான். சேர்ந்து அடைக்க வேண்டும். ஆனால் கடன் வாங்கியவர் அதன் கனத்தை உணராமல் போகிற மாதிரி உதவக் கூடாது. அது அவருக்கும் நல்லதில்லை. அவசரம் என்பதும் அப்படித்தான். வீட்டுக்கு அவசரம் வரும், மறுக்கவில்லை. அதற்கு இருவர் பெயரிலும் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, சிறுகச் சிறுகப் போட்டு வையுங்கள். ஒருவர் பையில் மட்டும் இருக்கிற கார்டு குடும்பத்தின் அவசர நிதி ஆகாது.

கார்டை மூடினால் ஸ்கோர் குறையும் என்று அவர் சொல்லலாம். உண்மைதான், மொத்த லிமிட் குறைவதால் கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும். ஸ்கோர் திரும்ப ஏறும். மூடவே மனம் வரவில்லை என்றால், லிமிட்டை வங்கி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு அவரே எழுதிக் குறைக்கச் சொல்லுங்கள். எதுவானாலும் தொகையை மாற்றிய அன்றே மூடிவிட முடியாது. கடைசி பில்லுக்கும் மாற்றிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த பில்லில் வரும். அதையும் கட்டிவிட்டு, நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்று இரவே கேளுங்கள். கார்டை மூடுகிறேன் என்றால் மாற்றுங்கள், மாதத் தவணையில் பாதியை அவர் சம்பளத்திலிருந்து உங்கள் கணக்குக்கு வரும்படி செய்துவிட்டு மாற்றுங்கள். மாட்டேன் என்றால் உங்கள் கார்டைத் தொடாதீர்கள். அதே கடனைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று அவரே அவர் வங்கியிடம் கேட்கட்டும். நீங்கள் உதவ நினைக்கிற தொகையை மாதாமாதம் அவர் பில்லிலேயே நேராகக் கட்டுங்கள். கடன் அவர் பெயரிலேயே இருந்து குறையும்.