மழைக்கால ஓட்டத்தை மாலைக்கு மாற்றலாமா?

6 மணி ஓட்டத்துக்கு எழ மனம் வரவில்லை, மாலைக்கு மாற்றலாமா என்றால், வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும், அப்புறம் மாலை ஓட்டமும் நின்றுபோகும். நேரம் அப்படியே இருக்கட்டும், மழை நாளில் மட்டும் ஓட்டத்துக்குப் பதில் உங்கள் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் ஏறுங்கள்.

எழ மனம் வராதது சோம்பலாகத் தெரியவில்லை. இந்த மாதங்களில் விடியவே ஏழு மணி ஆகிறது, படுத்தபடியே ஜன்னலைப் பார்த்து முடிவெடுத்தால் யாருக்குத்தான் எழத் தோன்றும்?

ஒரு வாரம் செய்து பாருங்கள்: காலணியும் சாவியும் இரவே கதவருகே, மழை பெய்தால் பத்தே நிமிடம், ஏறும்போது படி, இறங்கும்போது முட்டிக்காக லிஃப்ட் (பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்). அப்படியும் முடியவில்லை என்றால் தூங்கப்போகும் நேரத்தைக் கவனியுங்கள்.

சாரல் அடித்த படி வழுக்கும். இடி கேட்டால், வெறும் தூறலாகவே இருந்தாலும், பார்க் பக்கம் போகாதீர்கள்.