மழை வந்தால் தாமானே தூங்குவதில்லை

கேள்வி: அக்கா, நாங்கள் மலேசியாவில் கோல லங்காட் பக்கம் ஒரு தோட்டத்து ஊர். 2021 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இப்போதும் ராத்திரியில் மழை பிடித்தால் தாமானே (எங்கள் குடியிருப்பு முழுக்க) விழித்துக்கொள்கிறது, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விடிய விடியச் செய்தி, எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக் கை சில்லிட்டுப் போகிறது. மறுநாள் செம்பனை ஆலைக்குத் தூங்கி வழிந்துகொண்டு போகிறேன். மாமியார் மந்திரித்த கயிறு கட்டச் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: கயிறு கட்டிக்கொள்ளுங்கள், மாமியாராவது நிம்மதியாகத் தூங்குவார்.

ஒருமுறை தண்ணீர் புகுந்த வீட்டில் மழைச் சத்தத்துக்கு உடம்பு உஷாராவது கோழைத்தனம் இல்லை. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது. அந்த நேரத்தில் ‘பயப்படாதே’ என்று மனசுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, உடம்பைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அதனால் நாலு எண்ணி இழுத்து, ஆறோ எட்டோ எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். அப்புறம் ராத்திரிக் கோப்பி வேண்டாம், எட்டு மணிக்குக் குடித்தால் பலருக்கு அதிலுள்ள கஃபீனில் பாதி நள்ளிரவிலும் உடம்பில் இருக்கும்.

ஆனால் தாமானே சேர்ந்து பயப்படும்போது நீங்கள் மட்டும் மூலையில் உட்கார்ந்து மூச்சு எண்ணினால் எத்தனை நாளைக்கு ஓடும்? எல்லா வீட்டிலும் எல்லாரும் ஏன் விழித்திருக்க வேண்டும்? முறை போட்டுக்கொள்ளுங்கள், இன்றைக்கு இரண்டு வீடு, அடுத்த மழைக்கு வேறு இரண்டு வீடு. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வெள்ளத் தகவல் தளத்தில் ஆற்று மட்டத்தை நார்மல் (இயல்பு), வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நாலு நிலையாகப் போடுகிறார்கள். காவல் வீட்டார் அதைப் பார்க்கட்டும், வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய லோங்காங்கையும் (வடிகாலையும்) எட்டிப் பார்க்கட்டும், ஏனென்றால் திடீர் வெள்ளம் ஆற்றுக் கணக்கில் தெரியாமலே வந்துவிடும். வாஸ்பாடா என்றால் குழுவில் ஒரே ஒரு செய்தி. அமாரான் என்றால், இல்லை லோங்காங் நிரம்பினால், கதவைத் தட்ட வேண்டும். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், மருந்து எல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தால் மற்றவர்கள் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுக்கலாம்.

‘அணையைத் திறந்துவிட்டார்களாம்’ என்று யாரோ பேசிய குரல் பதிவை எல்லாக் குழுவுக்கும் தள்ளிவிடும் ஓர் அண்ணன் உங்கள் தாமானிலும் இருப்பார். முதல் காவலுக்கு அவரைப் போடுங்கள்.

மழையில்லாத நாளிலும் படபடப்பு வந்தால், வெள்ளம் வந்த அந்த ராத்திரி கனவில் திரும்பத் திரும்ப வந்தால், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) தயங்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மயக்கம் என்றால் பயத்தின் மேல் பழி போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. அதற்கு மேல் என்றால் மன ஆறுதலுக்குப் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு, 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.