கேள்வி – பதில்: எரிமலையின் எச்சரிக்கைப் படிகள்

கேள்வி: திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளும் சுடுகின்றன. அடியில் எரிமலை உண்டா?
– உப்புவெளி வாசகி

பதில்: இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான உட்சூட்டில் சூடேறி மேலே வருகிறது. நமக்குக் கிட்டிய உயிர்ப்புள்ள எரிமலை அந்தமான் கடலில், சுமார் 1,400 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது.

கேள்வி: எரிமலை எச்சரிக்கையை எதை வைத்து உயர்த்துகிறார்கள்? புகை குறைந்தால் இறக்கிவிடலாமா?
– பாலையூற்று வாசகர்

பதில்: ஒரு கருவியை மட்டும் நம்பி உயர்த்துவதில்லை. அதிர்வுப் பதிவில் பாறை உடைவது கூரிய கோடாகத் தொடங்கிச் சட்டென்று அடங்கும்; எரிமலைக் குழம்பும் வாயுவும் நகர்வது மெதுவாக அலைந்து நீளும். இரண்டாவது வகை விடாமல் தொடர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். நிலம் சாய்வதை அளக்கும் சாய்வுமானி, ஒரு கிலோமீற்றர் நீளக் கோலின் நுனியை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் வரும் சாய்வையும் காட்டும். ஆனால் மழையும் வெயிலும் நிலத்தை அசைப்பதால், ஜி.பி.எஸ். அளவோடு ஒத்துப் பார்த்தே அதை ஏற்க வேண்டும். வாயு அளவில் பிழை வருவது பெரும்பாலும் காற்றால்தான்: காற்றின் வேகத்தை இரட்டிப்பாக எடுத்தால் வாயுவின் கணக்கும் இரட்டிப்பாகிவிடும்.

குறைவது நல்ல அறிகுறி என்று எண்ணுவதுதான் ஆபத்து. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவில் 1991 மே 13இல் நாளொன்றுக்குச் சுமார் 500 தொன் கந்தகவீரொட்சைட்டு (எரிமலைக் குழம்பிலிருந்து பிரியும் வாயு) வெளிவந்தது; மே 28இல் 5,000 தொன்னைத் தாண்டியது; பிறகு சடுதியாக இறங்கியது. வாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அஞ்சினார்கள். எச்சரிக்கையை யூன் 5இல் 3ஆம் படிக்கும், 9இல் உச்சமான 5ஆம் படிக்கும் உயர்த்தினார்கள். 15இல் மலை பெரிதாக வெடித்தது. அங்கே இறக்குவதற்கும் விதி வைத்திருந்தார்கள்: நிலைமை தணிந்த பிறகும் 4இலிருந்து 3க்கு வர ஒரு வாரம், 3இலிருந்து 2க்கு வர 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். மிகச் சரியான விதி அது.

கேள்வி: அப்படியானால் அந்தப் படியைப் பார்த்து நாமும் சுனாமிக்கு ஆயத்தமாகலாமா?
– மூதூர் வாசகர்

பதில்: வேண்டாம். 2018 டிசம்பர் 22இல் இந்தோனேசியாவின் அனாக் கிரக்கட்டோவின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து, சுனாமியில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று அது நான்கில் 2ஆம் படியில்தான் இருந்தது. 3க்கு உயர்த்தியது 27ஆம் திகதி. படி சொல்வது மலையின் வெடிப்பு நிலையையும், எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்பதையும்தான். திருகோணமலையில் நீங்கள் கேட்க வேண்டியது வளிமண்டலவியல் திணைக்களம் விடும் சுனாமி எச்சரிக்கையை. கடல் திடீரென உள்வாங்கினால் அதற்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.