பங்கு பிரித்த காட்டுக்குக் கட்டணமா?

கேள்வி: நெடுங்கேணியில் பிறந்து முப்பது ஆண்டுகளாக ரொறன்ரோவில் வாழ்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் நண்பர்களுடன் மான் வேட்டைக்குப் போவது வழக்கம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு பண்ணைக்காரரின் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். இரண்டே ஆண்டில் குத்தகையை இரட்டிப்பாக்கிவிட்டார். அனுமதிச்சீட்டு, தோட்டா, பெற்றோல் எல்லாம் விலை ஏறிவிட்டன. கட்டுப்படியாகாமல் இருவர் விலகிவிட்டார்கள். ஊரில் என் அம்மப்பாவுக்கு ஐம்பது ஏக்கர் வயலும் காடும் இருந்தன. காட்டுக்குள் தண்ணீர் தேங்கும் மோட்டைக் கரையில் பரண் கட்டி அவருடன் இரவிரவாகக் காத்திருந்தவன் நான். இன்று காட்டுப்பன்றியால் அங்கே விவசாயிகள் அழுகிறார்கள். அந்தக் காணியை வேலியடைத்து, என்னைப் போன்றவர்களிடம் டொலரில் கட்டணம் வாங்கி வேட்டைக்கு விட்டால் பன்றியும் குறையும், வன்னிக்குப் பணமும் வரும். இதை ஏன் எவரும் யோசிப்பதில்லை?
— ஒரு வாசகர், ரொறன்ரோ

பதில்: யோசித்திருக்கிறார்கள். செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் யானையைக் கொன்றவனுக்கு அரசு பணப்பரிசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட யானைகள் அப்படிக் கொல்லப்பட்டதாக, அன்று குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். பயிரைக் காப்பதற்கு என்றுதான் அந்தப் பரிசு தொடங்கியது. உங்கள் யோசனையும் பயிரைக் காப்பதில்தான் தொடங்குகிறது. ஆகவே அதை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் முதல் மனக்குறை நியாயமானது. ஒன்ராறியோ மாகாண நிலத்தில் பெரும்பகுதி அரச காணி. ஆனால் அது வடக்கே கிடக்கிறது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தெற்கில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அங்கே பண்ணைக்காரர் தலையசைத்தால்தான் நீங்கள் உள்ளே காலடி வைக்கலாம். வடக்கே போவதென்றால் எரிபொருளும் தங்குமிடமும் விடுப்பு நாட்களும் வேண்டும். மணித்தியாலக் கூலிக்கு உழைப்பவருக்கு இரண்டு வழியும் அடைபடுகின்றன. உங்கள் நண்பர்கள் இருவர் விலகியது அதனால்தான்.

அமெரிக்காவில் இது இன்னும் முற்றியிருக்கிறது. ரெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 95 வீதமான நிலம் தனியாருடையது. அங்கே வேட்டை என்றாலே குத்தகை என்று ஆகிவிட்டது. வயோமிங்கில் நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பக்கங்களில், ரயில் பாதை போட்ட கம்பனிகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒன்று விட்டு ஒன்றாகக் காணித் துண்டுகளை வழங்கினார்கள். அதனால் பொதுக் காணியும் தனியார் காணியும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போலக் கிடக்கின்றன. 2021இல் நான்கு வேட்டைக்காரர்கள் ஒரு பொதுக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுக் கட்டத்தின் மூலைக்கு ஏணி வைத்துத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் அவர்களின் கால் படவில்லை. ஆனாலும் முதலில் குற்ற வழக்கு, பிறகு நில உரிமையாளரின் நட்டஈட்டு வழக்கு. பொதுக் காணிக்குப் பொதுமக்கள் போகலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதற்கு 2025 மார்ச் ஆகிவிட்டது. தமக்கும் பங்குள்ள நிலத்தில் இறங்க நான்கு பேர் நான்கு ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்.

அந்த முறையில் நல்லதும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1937இல் அமெரிக்கா துவக்குகளுக்கும் தோட்டாக்களுக்குமான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கிச் சட்டம் செய்தது. நீளத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் 11 வீதம். ஏறக்குறைய அற்றுப்போன நிலையிலிருந்து மானும் வான்கோழியும் அங்கே மீண்டு வந்ததில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கன்சாஸில் 1995 முதல் மாநில அரசே தனியார் காணியைக் குத்தகைக்கு எடுத்து, வேட்டைக்காரர்கள் நடந்து உள்ளே போகத் திறந்து விடுகிறது. குத்தகை ஏறி ஏழை வெளியே நின்றதைக் கண்டு அரசு செய்த ஏற்பாடு அது. நீங்கள் வன்னிக்குக் கொண்டுவர நினைப்பதோ வேலியும் கட்டணமும் மட்டும்.

அதே 1937இல் இலங்கையும் ஒரு சட்டம் செய்தது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1937இன் 2ஆம் இலக்கம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நம்மை ஆள்வது அதுதான். மரையும் புள்ளிமானும் பாதுகாக்கப்பட்ட இனங்கள். கொல்வதும் குற்றம், இறைச்சியை விற்பதும் குற்றம். காட்டுப்பன்றி அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், மடு வீதி 1968 முதல். இரண்டும் 2015இல் தேசியப் பூங்காக்கள் ஆயின. அவற்றுக்குள் எவரும் துவக்கோடு நுழைய முடியாது, டொலர் கொடுத்தாலும் நுழைய முடியாது. இந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். போர் முடிந்தபோது நம்மிடம் மிஞ்சியவற்றுள் இந்தக் காடும் ஒன்று.

இனி, உங்கள் அம்மப்பாவின் வேட்டைக்கு வருகிறேன். நானும் ஒட்டுசுட்டான் பக்கத்தில் அப்படிப்பட்ட பெரியவர்களின் பின்னால் நடந்தவன்தான். காட்டு வாசலில் ஒரு குழை முறித்து ஐயனாருக்கு வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தண்ணீருக்கு வரும் சினை மரையைப் பார்த்தால் துவக்கைத் தாழ்த்திவிடுவார்கள். இறைச்சி ஊருக்கு வந்ததும் பாலை மரத்தின் கீழ் குழை விரித்துப் பங்கு வைப்பார்கள். துவக்குக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, கூடப் போனவருக்கு ஒவ்வொரு பங்கு, போக ஆளில்லாத விதவை வீட்டுக்கும் ஒரு பங்கு. மிஞ்சியது வற்றலாகிப் பரணில் ஏறும். நல்ல மரை வற்றலைத் தேனில் ஊறப் போட்டு மாரிக்கு வைத்திருப்பார்கள். பணம் கைமாறி நான் கண்டதில்லை. அந்த வேட்டை முழுவதும் அறத்தோடு நடந்தது என்று பொய் சொல்லவும் மாட்டேன். இடியன் துவக்கு வெடித்து விரல் போனவரும் உண்டு, குடித்துவிட்டுக் குட்டியைச் சுட்டவரும் உண்டு. ஆனால் பங்கு இருந்த இடத்தில் ஓர் அளவு இருந்தது. ஊருக்கு இவ்வளவு போதும் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கேட்டார்கள்.

அந்த அளவை உடைத்தது எது? போரும் இடம்பெயர்வும் துவக்கையும் ஆளையும் கொண்டுபோயின. மிதிவெடி காட்டை மூடியது. மீளக்குடியேறிய பிறகு காட்டு இறைச்சிக்குச் சந்தை வந்தது. ஆடி விடுமுறைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், இறங்கும் முன்பே உறவினருக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள்: "மரை வற்றல் கொஞ்சம் எடுத்து வையுங்கள், விலை பரவாயில்லை." விலை பரவாயில்லை என்ற அந்த ஒரு சொல்தான் இன்று வன்னிக் காட்டில் சுருக்கு வைக்கிறது. மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியில் செய்த சுருக்குக்கு மரை எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதத்தில் மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம் ஓர் அரிய கருஞ்சிறுத்தை அப்படிப்பட்ட கம்பியில் மாட்டி, மீட்கப்பட்டும் உயிர் தப்பவில்லை. கம்பியில் கால் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு ஆளையும் கொல்கிறது. பன்றிக்கென்று இழுத்த மின்கம்பியில் யானையும் சாகிறது, விடியற்காலையில் வயலுக்குப் போன மனிதனும் சாகிறான். நீங்கள் மரை வற்றல் கேட்டவரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் இனிக் கேட்காதீர்கள்.

பன்றித் தொல்லை உண்மை. ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்தால் மரவள்ளியும் கச்சானும் போய்விடும். குடலைப் பருவத்து நெல்லைக் கிண்டிப் போட்டால் அந்தப் போகமே முடிந்தது. ஆனால் வருடத்தில் இரண்டு வாரம் விடுமுறையில் வந்து சுடுகிறவரால் அந்தத் தொல்லை தீராது. மாரி தொடங்கிய நாள் முதல் அறுவடை வரை ஒவ்வோர் இரவும் காவல் வேண்டும். கட்டணம் கட்டியவர் கொழுத்த ஆண் பன்றியைத் தேடுவார், விவசாயிக்கோ குட்டிகளோடு வரும் கூட்டம்தான் பகை. அதோடு, காசு கொடுத்துச் சுட ஆள் வருகிறார் என்றால் பன்றி இருந்தால்தானே வருமானம்? பன்றியைக் குறைப்பதில் பிறகு எவருக்கு அக்கறை இருக்கும்? உங்கள் யோசனையின் அடிப்படைப் பிழை இதுதான்.

அந்த விவசாயிக்கு வேண்டியது உரிமத்தோடு கூடிய ஒரு பயிர்க்காவல் துவக்கு. துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டுடையது, உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். போருக்குப் பிறகு வடக்கில் ஒரு தமிழ் விவசாயி துவக்கு உரிமம் கேட்டுப் போனால் அவர் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பலர் அந்தப் பக்கமே போவதில்லை. உரிமம் இல்லாதவன் கட்டுத்துவக்கும் மின்கம்பியும் வைக்கிறான். கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு இரண்டு துவக்கு, பெயர் பதிந்து, முறை வைத்துக் காவல் என்று ஓர் ஏற்பாடு வந்தால் எத்தனை உயிர் மிஞ்சும்! இதை இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதினேன். கிடைக்கும் வரை எழுதுவேன்.

கடைசியாக, அந்த ஐம்பது ஏக்கர். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி அதுதான். "இருந்தன" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று அது யாருடையது? உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, பரம்பரையாக வெட்டி விதைத்த சேனையா? 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டமும் 1897இன் தரிசு நிலச் சட்டமும், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுக்குரியது என்று கொள்ள வழிவகுத்தன. அந்த நிழல் இன்னும் நம்மீது கிடக்கிறது. பல இடங்களில் முப்பது ஆண்டு உழாமல் கிடந்த வயலில் வீரையும் பாலையும் எழுந்துவிட்டன. வனவளத் திணைக்களம் வந்து பார்த்தபோது அது காடு. எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் தகப்பன் கட்டிய வரம்பு தெரிகிறது, இந்தப் பக்கம் மகன் நிற்கிறான். இப்படி நிற்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

2025 மார்ச் 28ஆம் திகதி வந்த வர்த்தமானியை நினைவிருக்கிறதா? வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் அதில் இருந்தன. உரிமையாளர் பலர் உங்களைப் போலக் கடலுக்கு அப்பால், பலர் உயிரோடு இல்லை, பலரின் உறுதிகள் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் தொலைந்தவை. எதிர்ப்பு எழுந்த பின்பு அது மீளப் பெறப்பட்டது. இன்னொன்று வராது என்று எவரும் உறுதி தரவில்லை.

அந்தக் காணியில் வேட்டைக்கு வேலி போட நினைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அம்மாவின் பெட்டியில் அம்மப்பாவின் உறுதியோ, வரிப் பற்றுச்சீட்டோ, பழைய நில அளவைப் படமோ இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். ஊரில் இருக்கும் மாமா பிள்ளைகளில் பொறுப்பான ஒருவருக்கு, உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். அவர் பிரதேச செயலகத்துக்குப் போய், அது காடா வயலா, கல் நட்டாயிற்றா என்று கேட்டு வரட்டும். அடுத்த ஆடிக்கு நீங்கள் வரும்போது அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். நெடுங்கேணிக்கு நானும் கூட வருகிறேன். மோட்டைக் கரைக்கு எந்த வழியால் போகலாம் என்று அங்கே கேட்போம்.