கண்ணோர லிம்ஃபோமாவும் உடலின் சொந்த ஆன்டிஜென்களும்: கேள்வி பதில்

நிர்மலா: டாக்டர், அம்மாவுக்குக் கண்ணோரத்தில் மால்ட் லிம்ஃபோமா. "உடம்பின் சொந்த ஆன்டிஜென் தூண்டியிருக்கலாம்" என்றார்கள். அது எப்படி?

பதில்: மால்ட் லிம்ஃபோமா என்பது பி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் மெதுவாக வளரும் புற்றுநோய். அந்தச் செல்களைத் தூண்டும் பொருள்தான் ஆன்டிஜென். ஒவ்வொரு பி செல்லின் மேலும் ஒரு ஏற்பி உண்டு. அதில் பொருந்தும் பொருள் வந்து ஒட்டினால் செல் பெருகும். கிருமி என்றால் அது அழிந்ததும் தூண்டுதல் நின்றுவிடும். ஒட்டுவது நம் உடம்பிலேயே இருக்கும் பொருள் என்றால் தூண்டுதலுக்கு முடிவே இல்லை. ஆண்டுக்கணக்கில் பெருகும் அந்தக் கூட்டத்தில், செல்லை அடக்கிவைக்கும் ஏ20 புரதத்தின் ஜீன் ஒரு செல்லில் பழுதானால், அந்த வம்சம் கட்டியாக மாறலாம்.

இதை ஏன் நம்புகிறோம்? இந்தக் கட்டிகளின் ஏற்பி ஜீன்களைப் படித்தபோது, ஐஜிஹெச்வி4-34 என்ற ஜீன் அளவுக்கு மீறி வந்தது. அதிலிருந்து பிறக்கும் ஆன்டிபாடிகள் (ஏற்பியின் கரைந்த வடிவம்) சிவப்பணுக்களின் மேலிருக்கும் சர்க்கரைத் தொடரை, அதாவது நம் சொந்தப் பொருளையே, பிடிக்கக்கூடியவை. குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் கோல்ட் அக்ளுட்டினின் நோயிலும் இதே ஜீன்தான். எல்லாருடைய கட்டியிலும் இது இருக்காது. ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு வருகிறது.

செல்வம்: கண் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டதும் குறைந்துவிட்டது. இனி பயாப்சி தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. ஸ்டீராய்டு லிம்ஃபோமாவையும் தற்காலிகமாகச் சுருக்கும், திசுவின் அடையாளத்தையும் மறைக்கும். முதலில் பயாப்சி, பிறகு ஸ்டீராய்டு.

ராஜ்குமார்: சொந்த ஆன்டிஜென் எல்லாம் ஊகம். பறவைகளிடமிருந்து வரும் கிளாமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியாதான் காரணம். 2004 இத்தாலி ஆய்வில் 40 கட்டிகளில் 80 சதவீதத்தில் அதன் டிஎன்ஏ கிடைத்ததே!

பதில்: கிடைத்தது உண்மை. ஆனால் வேறு பல நாடுகளில் தேடியபோது மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. ஒரு ஊரின் கணக்கை உலகத்துக்கே பொருத்தக் கூடாது.

ராஜ்குமார்: அப்படியானால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கில் கட்டி சுருங்குவது எப்படி?

பதில்: கிருமியே தென்படாத நோயாளிகள் சிலருக்கும் சுருங்கியது. அதனால் அது சாட்சியாக நிற்காது. இன்னொன்றையும் பாருங்கள். வயிற்று மால்ட்டில் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பாக்டீரியாவை அடையாளம் காண்பவை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள். கட்டியான பி செல்களின் ஆன்டிபாடி பிடித்தது உடம்பின் சொந்தப் பொருட்களை! கிருமி டி செல்களை வரவழைக்கிறது, சொந்த ஆன்டிஜென் பி செல்லைத் தூண்டுகிறது, இரண்டும் சேர்ந்துதான் நோய். கண்ணிலும் அப்படி நடக்கலாம். நீங்கள் ஒன்றை வைத்து மற்றதை மறுக்கிறீர்கள், அதைத்தான் நான் ஏற்கவில்லை.

மீனா: எனக்கு ஷோகிரன் நோய், உடம்பே சுரப்பிகளைத் தாக்கி வாயும் கண்ணும் வறண்டுபோகும் நோய். எனக்கும் வருமா?

பதில்: லிம்ஃபோமா அபாயம் உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனால் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. வரும்போது கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில்தான் அதிகம். அங்கே வீக்கம் தங்கினாலோ, கீழ் இமையை இழுத்துப் பார்க்கையில் வெளிர் ரோஜா நிறச் சதைத்திட்டு தெரிந்தாலோ உடனே காட்டுங்கள்.

அன்வர்: விழிக்குள்ளே, விழித்திரையில் லிம்ஃபோமா என்கிறார்கள்.

பதில்: அது வேறு நோய், வேகமானது, மூளையையும் பார்க்க வேண்டும். விழித்திரை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

கவிதா: வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு...

பதில்: செல்வத்துக்குச் சொன்னதேதான் அம்மா. முதலில் பயாப்சி.

நிர்மலா: அம்மாவுக்குக் கதிர்வீச்சு சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: கண்ணோரத்தோடு நிற்கும் மால்ட்டுக்கு அது நன்றாகக் கேட்கும். வழக்கமாக 24 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவில் தருவார்கள், சிலருக்கு 4 கிரேயே போதுமானதாக இருக்கிறது. அம்மாவுக்குக் குறைந்த அளவு பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.