‘வென்ட்’ என்று சொன்ன குழந்தை இப்போது ‘கோ-எட்’ என்கிறாள்: என்ன செய்வது?

இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஏழு வயதுச் சிறுமியின் தாயார் கேட்கிறார்: “சில மாதங்களுக்கு முன்பு வரை ‘ஐ வென்ட்’, ‘ஐ ஏட்’ என்று சரியாகச் சொன்ன என் மகள், இப்போது ‘கோ-எட்’, ‘ஈட்டட்’ என்கிறாள். பள்ளியில் ஆங்கில வினைச்சொற்களின் பன்னிரண்டு காலங்களின் (டென்ஸ்) அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வீட்டில் நான் எப்படிச் சொல்லித்தருவது?”

அம்மா, உங்கள் மகள் கற்றதை மறந்துவிடவில்லை. முன்பு அவள் சொன்ன ‘வென்ட்’ காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னது; ‘கோ-எட்’ என்பதையோ யாரும் அவளுக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது. நடந்து முடிந்ததைச் சொல்ல வினைச்சொல்லின் கடைசியில் ‘எட்’ சேர்க்க வேண்டும் என்ற விதியைத் தானாகவே கண்டுபிடித்து, அதை எல்லாச் சொற்களுக்கும் பொருத்திப் பார்க்கிறாள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இந்தக் கட்டத்தைக் கடந்தே வருகிறார்கள். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ‘ரிக்’ என்று இல்லாத ஒரு வினைச்சொல்லை உருவாக்கி, ஒருவர் நேற்று அதைச் செய்ததாகச் சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொல்வீர்கள் என்று சிறு குழந்தைகளிடம் கேட்டார். அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லைப் பெரும்பாலானோர் ‘ரிக்ட்’ என்று மாற்றிச் சொன்னார்கள்.

எனவே, “தப்பு, வென்ட் என்று சொல்” என அதட்ட வேண்டாம். அவள் “ஐ கோ-எட் டு த பார்க்” என்றால், “ஓ, யூ வென்ட் டு த பார்க்? ஹூ வென்ட் வித் யூ?” என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துப் பேச்சைத் தொடருங்கள். அடுத்தடுத்த பேச்சில் அந்தச் சொல் காதில் விழ விழ, ‘கோ-எட்’ தானே உதிர்ந்துவிடும்.

காலம் என்ற கருத்தை நீங்கள் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செய்தேன், செய்கிறேன், செய்வேன் என்று இடைநிலைகளை மாற்றிப் பேச அவள் எப்போதோ கற்றுவிட்டாள். சிக்கல் வருவது, தமிழின் பாதையும் ஆங்கிலத்தின் பாதையும் பிரியும் இடங்களில்தான். ‘போகிறேன்’ என்ற ஒரே சொல்லைத் தினமும் பள்ளிக்குப் போவதற்கும், இதோ இப்போது கிளம்புவதற்கும், நாளை ஊருக்குப் போவதற்கும் நாம் பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் பழக்கத்துக்கு ‘ஐ கோ’ என்றும், மற்ற இரண்டுக்கும் ‘ஐ ஆம் கோயிங்’ என்றும் பிரித்துவிடுகிறது.

இன்னோர் இடம் ‘ஐ டிடின்ட் வென்ட்’. இது தமிழ்க் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் பிழை. ஆனால் இதைத் திருத்தத் தமிழே கைகொடுக்கும். என் வகுப்பில் ஒரு சிறுவன் இதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். அவன் ஏட்டில் ‘நான் போகவில்லை’ என்று எழுதி, ‘போக’, ‘இல்லை’ என்று இரண்டாகப் பிரித்து, ‘இல்லை’யை விரலால் மறைத்துவிட்டு, “போக என்பதில் நேற்றா, இன்றா, நாளையா?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “சார், இதுல காலமே இல்லையே!” என்றான். “அதேபோல, காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்டதால் ‘கோ’ வெறும் ‘கோ’வாகவே நிற்கிறது” என்றேன். அதன்பின் அந்தப் பிழை அவன் ஏட்டில் அரிதாகிவிட்டது.

வீட்டில் பயிற்சிக்கு அடுப்படியே போதும். மாவைக் கரண்டியில் எடுக்கும்போது ‘ஐ ஆம் கோயிங் டு மேக் எ தோசை’, கல்லில் வார்க்கும்போது ‘ஐ ஆம் மேக்கிங் எ தோசை’, தட்டில் வைத்ததும் ‘ஐ மேட் எ தோசை’. அவள் சாப்பிட்டு முடித்த பிறகு ‘வாட் டிட் யூ ஈட்?’ என்று கேளுங்கள். செயல் கண்முன் நடக்கும்போது வாக்கியம் மாறுவதற்கான காரணத்தை அவளே பார்த்துவிடுவாள். இப்படி ஒரு நேரத்தில் ஒரு வினைச்சொல் போதும். ‘எட்’ உச்சரிப்பிலும் சிறிது கவனம் வேண்டும்: அது ‘வாக்ட்’, ‘பிளேய்ட்’ என்றே ஒலிக்கும்; ‘வாக்கெட்’ என்று அல்ல. ‘வான்ட்’, ‘நீட்’ போன்று ‘ட்’ ஒலியில் முடியும் சொற்களுக்கு மட்டுமே ‘வான்டட்’, ‘நீடட்’ என்று ஓர் அசை கூடும்.

‘ஷி ஈட்’ என்று அவள் ‘எஸ்’ விடுவதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சைப் பல மாதங்கள் பின்தொடர்ந்து ரோஜர் பிரௌன் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இங்’ விகுதி மிக முன்னதாக வந்தது. இந்த ‘எஸ்’ வெகு பின்னரே நிலைபெற்றது.

பன்னிரண்டு காலங்களின் அட்டவணை, மூன்று காலங்களை நான்கு வகைகளால் பெருக்கிக் கிடைத்த கணக்கு. வளர்ந்த மாணவர் தாம் அறிந்ததை ஒழுங்குபடுத்திக்கொள்ள அது உதவும். ஏழு வயதில் அது பொருள் தெரியாத பெயர்களின் வரிசையாகவே நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளி கேட்பதால் அதைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அவள் உண்மையில் பேசிய வாக்கியம் ஒன்று கிடைக்கும்போதெல்லாம், அதற்குரிய கட்டத்தில் அவள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். இந்த ஆண்டு நான்கு கட்டங்கள் நிரம்பினால் போதும். மற்றவை காலியாகவே இருக்கட்டும்.